டம்ளரா, கப்பா, தராசா?

இட்லிக்கு நாலுக்கு ஒன்று என்றால் எந்த டம்ளரை எடுத்தாலும் சரிதான். இட்லி அரிசியும் முழு உளுந்தும் 250 மில்லி கப்பில் 200 கிராமுக்குச் சற்று மேலே நிற்கும். அளந்தாலும் நிறுத்தாலும் விகிதம் பெரிதாக மாறாது. ஒரே பண்டத்தில் லேசான மாவும் கனமான சர்க்கரையும் சேரும்போதுதான் வம்பு.

மைசூர்பாகைப் பாருங்கள். ‘கடலை மாவு 1, சர்க்கரை 2, நெய் 2’ என்பது கப் கணக்கு. 250 மில்லி கப்பில் சலித்த கடலை மாவு 100 கிராம் போல வரும். சர்க்கரை இரண்டு கப் 400 கிராமைத் தாண்டும், உருக்கிய நெய் இரண்டு கப் சுமார் 450 கிராம். எடையில் இது கிட்டத்தட்ட 1 : 4 : 4.5. அதே 1 : 2 : 2-ஐ கிராம் என்று எடுத்துக்கொண்டு 100 கிராம் மாவுக்கு 200 கிராம் நெய்யோடு நிறுத்தினால், மாவு பொரிய நெய் போதாது, துளை விழாமல் அடைபோல இறுகும். பதம் தவறிவிட்டது என்று பாகைத் திட்டுவோம்.

மைதாவில் கப் இன்னும் மோசம். பாக்கெட்டுக்குள் கப்பை விட்டு அள்ளினால் 240 மில்லி கப்பில் 145 கிராம்கூட ஏறும். ஸ்பூனால் தளர்வாகப் போட்டு, கத்தி முதுகால் தலைதட்டினால் 120 முதல் 125 கிராம்தான். மூன்று கப் கேக்கில் இது அரை கப் கூடுதல் மாவு: மேலே வெடிப்பு, உள்ளே வறட்சி. போதாததற்கு ‘கப்’ என்பதே ஒன்றல்ல. அமெரிக்கக் குறிப்பில் அது சுமார் 237 மில்லி, இங்கே கடையில் வாங்குவது 240 அல்லது 250, ரைஸ் குக்கரோடு வருவது பெரும்பாலும் 180.

மைதா, வெண்ணெய், பொடித்த வெல்லம், தேங்காய்த் துருவல் எல்லாவற்றுக்கும் தராசுதான். வெல்லத்தை அழுத்துகிற கைக்கு ஏற்ப கப் மாறும், கிராம் மாறாது. பாத்திரத்தை வைத்துச் சுழியமாக்கி, ஒவ்வொன்றாகக் கொட்டினால் கழுவ வேண்டிய கிண்ணமும் மிச்சம்.

ஆனால் சிட்டிகைச் சாமான்களில் தராசு கைவிடும். இன்ஸ்டன்ட் யீஸ்ட் ஒரு டீஸ்பூன் 3 கிராம். ஒவ்வொரு கிராமாகக் காட்டும் தராசில் ‘3’ என்பது இரண்டரையாகவும் இருக்கலாம், மூன்றரையாகவும் இருக்கலாம். ஈஸ்ட், சோடா உப்புக்கு 5 மில்லி ஸ்பூனே மேல். உப்பு மட்டும் விதிவிலக்கு: தூள் உப்பு ஒரு டீஸ்பூன் 6 கிராம், கல் உப்பில் இடைவெளி இருப்பதால் அதைவிடக் குறையும். ஊறுகாய்க்குக் கல் உப்பை நிறுத்தே போடுங்கள்.

வீட்டு டம்ளரை விட மனமில்லையா? காலி டம்ளரைத் தராசில் வைத்துச் சுழியமாக்கி, விளிம்புவரை தண்ணீர் ஊற்றுங்கள். காட்டும் கிராமே அதன் மில்லி. பிறகு துடைத்துவிட்டு ரவை, மைதா, சர்க்கரையை மும்மூன்று முறை தலைதட்டி நிறுத்து, சராசரியை அலமாரிக் கதவில் ஒட்டிவையுங்கள். தராசே இல்லையென்றால் 500 கிராம் ரவை பாக்கெட்டைப் பிரித்து, எத்தனை டம்ளர் வருகிறது என்று எண்ணி வகுத்தால் போதும்.

தண்ணீர்க் கணக்கை எண்ணெய்க்குப் போடாதீர்கள். ஒரு லிட்டர் எண்ணெய் 910 கிராம்தான். குறிப்பில் 500 கிராம் எண்ணெய் என்றிருந்தால் ஊற்ற வேண்டியது 550 மில்லி.