48,000 ரூபா கட்டினோம், அம்மாவின் பிரஷ் உறைகூடப் பிரியவில்லை

கோபம் ஆறினால் மரியாதையாக எழுதிவிடுவேன். அதனால் இப்போதே எழுதுகிறேன். யாழ்ப்பாணத்தில் ஆஸ்பத்திரியில் இருக்கும் நோயாளிக்குத் துணைக்கு ஆள் தேடுகிறவர்கள், முக்கியமாக வெளிநாட்டில் இருந்து காசு அனுப்புகிறவர்கள், தயவுசெய்து வாசியுங்கள்.

அம்மாவுக்கு 74 வயது. குடலில் பெரிய ஒப்பரேஷன். எனக்குக் கிளிநொச்சியில் வேலை. விடிய பஸ் ஏறினால் பொழுதுபட்டுத்தான் திரும்புவேன். கனடாவில் இருக்கும் அக்காதான் முகநூலில் அந்தப் பக்கத்தைக் கண்டுபிடித்தார். நோயாளிகளுக்குத் துணையாள் அனுப்பும் நிறுவனம். பெயர் போடவில்லை, வழக்கு கிழக்கு என்று அலைய என்னால் ஏலாது.

போன் எடுத்த ஆண்குரல் அவ்வளவு தன்மை. "அக்கா, எல்லாரும் காயத்தைத்தான் பாப்பினம். வாயை ஒருத்தரும் பாக்கிறேல்ல. வாயில இருக்கிற கிருமி எச்சிலோட நெஞ்சுக்குள்ள இறங்கினா நியூமோனியா. நாங்கள் ஒரு நாளைக்கு ரெண்டு தரம் வாய் சுத்தம் செய்து போட்டோ அனுப்புவம்." நான் அந்த இடத்திலேயே விழுந்துவிட்டேன். ஏனென்றால் அவர் சொன்னது முழுக்க உண்மை. பின்னர் டொக்டரும் அதையேதான் சொன்னார்: வயிற்றில் வெட்டின ஆளுக்கு இருமினால் நோகும், ஆழமாக மூச்சு எடுக்கமாட்டார், உள்ளே இறங்கினது வெளியே வராது. உண்மையைச் சொல்லியே ஏமாற்றலாம் என்று எனக்கு இந்த வயதில்தான் தெரிகிறது.

ஆளுக்கு நாளுக்கு 4,000, பத்து நாளுக்கு 40,000. 'விசேட வாய்ப் பராமரிப்புப் பொதி' 8,000. மொத்தம் 48,000 ரூபா, முழுக்க முற்பணம். பற்றுச்சீட்டு கேட்டேன். 'நன்றி' என்று பூப்போட்ட ஸ்டிக்கர் ஒன்று வந்தது.

முதல் நாலு நாளும் காலை, மாலை போட்டோ வந்தது. கையுறை போட்ட கை, பிரஷ், திறந்த வாய். நான் ஒவ்வொன்றுக்கும் கும்பிடும் கை போட்டு, அப்படியே அக்காவுக்கும் அனுப்பினேன். பின்னேரம் போய்ப் பார்க்கும் நேரங்களில் அம்மா அரைமயக்கத்தில் கிடப்பா, நான் வாயைத் திறந்து பார்க்கவில்லை. அது என் பிழைதான்.

ஐந்தாம் நாள் லீவு போட்டுப் போனேன். அம்மா "வாய் எரியுது பிள்ளை" என்றா. குனிந்தால் மணம். நாக்கில் தயிர் பூசினமாதிரி வெள்ளை. மேல் கட்டுப்பல் கழற்றப்படவே இல்லை. நான் கழற்றியபோது பல் முரசோடு ஒட்டி இழுபட்டது, உள்பக்கம் மஞ்சளாக வழுவழுவென்று ஒரு படை. அலுமாரிக்குள் புதுப் பிரஷ், உறை கிழியாமல் கிடந்தது. அதற்குப் பிறகுதான் போட்டோக்களைப் பெருப்பித்துப் பார்த்தேன். அம்மாவுக்குக் கீழே முன்பல் இரண்டு இல்லை. படத்தில் இருந்த வாயில் முழுப் பல்லும் இருந்தது.

துணைக்கு வந்த பிள்ளை அழுதது. தனக்கு நாளுக்கு 1,500தான் தருகிறார்களாம், வாய் துடைக்க யாரும் பழக்கவில்லையாம். "சாப்பிடாத ஆளுக்கு ஏன் பல்லு விளக்கோணும் எண்டு நினைச்சன் அக்கா." இதை நம்மில் பாதிப் பேர் நினைக்கிறோம். வாய்க்கு ஒன்றும் கொடுக்காமல் வைத்திருக்கும்போதுதான் எச்சில் வற்றும், ஒட்சிசன் மாஸ்க் இன்னும் காயவைக்கும், கிருமி கூடும்.

நாக்கு வெள்ளைக்கு டொக்டர் நிஸ்டாட்டின் என்ற பங்கசு மருந்துத் துளி எழுதினார். நெஞ்சில் சளியும் கட்டியிருந்தது. இதனால்தான் என்று அவர் அடித்துச் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. ஆனால் 48,000 ரூபா கட்டினது இதைத் தடுக்கத்தான்.

நிறுவனத்துக்கு எடுத்தேன். முதல் நாள், "மனேஜரிட்டக் கேட்டுச் சொல்லுறம் அக்கா." இரண்டாம் நாள், "வயசு போனவைக்கு வாய் இப்பிடித்தான்." பிறகு, "அது ஆஸ்பத்திரி மிசிமார் (தாதிமார்) பாக்கிற வேலை." அப்படியென்றால் அந்த 8,000 எதற்கு? "பொதி பிரிச்சாச்சு, திருப்பி எடுக்கேலாது." பிரிக்கவே இல்லையே ஐயா, அதுதானே என் முறைப்பாடு! நேற்று முதல் வட்ஸ்அப்பில் என்னை அடைத்துவிட்டார்கள். 48,000 ரூபாவில் ஒரு சதம் வரவில்லை. நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைக்கு, 1977 என்ற போன் இலக்கத்துக்கு, நாளைக்கு எடுக்கப்போகிறேன். கையில் பற்றுச்சீட்டு இல்லை, வங்கிச் சிலிப் மட்டும்தான்.

என்ன செய்யவேண்டும் என்று விரிவாக எழுத நினைத்தேன், பார்வையாளர் நேரம் ஆகிறது. அன்றன்றைக்குக் காசு கொடுங்கள். போட்டோவை நம்பாதீர்கள், பிரஷைத் தொட்டுப் பாருங்கள், ஈரமா என்று. கட்டுப்பல்லை இரவில் கழற்றிக் கழுவி, பெயர் எழுதின மூடி டப்பாவில் தண்ணீருக்குள் வையுங்கள். மெத்தென்ற பிரஷால், தலைப்பக்கம் உயர்த்தி வைத்து விளக்குங்கள். மவுத்வாஷ் மட்டும் போதாது. விழுங்கக் கஷ்டப்படுகிறவருக்கு நீங்களாகத் தண்ணீர் ஊற்றவேண்டாம், மிசியைக் கேளுங்கள். ஆ, எலுமிச்சை கிளிசரின் குச்சி விற்பார்கள், அது வாயை இன்னும் காயவைக்கும், வாங்காதீர்கள். என் 8,000 ரூபாப் பொதிக்குள் இருந்ததில் பாதி அதுதான்.