எச்.ஐ.வி குளிசை: காலையிலா, இரவிலா?

எச்.ஐ.வி மருந்தான டொலுடெக்ராவிர் கலந்த குளிசை பொதுவாக நாளுக்கு ஒன்றுதான். எந்த நேரம் என்பதில்தான் பலருக்குத் தடுமாற்றம்.

சாப்பாடு: "வெறுவயிற்றில் போட்டால் சூடு, குடலைப் புண்ணாக்கும்" என்பது யாழ்ப்பாணத்தில் ஊறிப்போன எண்ணம். நல்லூர்த் திருவிழா 25 நாளும் ஒருநேரச் சாப்பாட்டோடு விரதமிருப்பவர் காலைக் குளிசையைத் தள்ளிப்போட்டு, அப்படியே மறந்தும் விடுவார். இந்தக் குளிசைக்குப் பொதுவாகச் சாப்பாடு கட்டாயமில்லை. மனம் ஒப்பவில்லையா, சரி, இரவுச் சாப்பாட்டோடு போடட்டும். நம்பிக்கையோடு மல்லுக்கட்டுவதைவிட அது சுலபம்.

நித்திரை: இரவில் போட்டால் சிலருக்கு நித்திரை குழம்பும், அவர்களுக்குக் காலைதான். எஃபாவிரன்ஸ் உள்ள பழைய குளிசை நேர்மாறு. தலை சுற்றும் என்பதால் படுக்கப்போகும்போதுதான்.

இரும்பு, கல்சியம்: இந்தச் சத்துக் குளிசைகளுக்கு 2 மணிநேரம் முன்போ 6 மணிநேரம் பின்போதான் டொலுடெக்ராவிர் குளிசை. அவற்றைக் காலையில் போடுபவருக்கு இரவு வசதி.

மறைவு: காலையில் அடுப்படியில் "என்ன குளிசை?" என்று கேள்வி வரும். இரவில் அந்தத் தொல்லை குறைவு.

"தேறிவிட்டேன், இனி எதற்கு?" என்பவருக்கு இரண்டு நேரமும் உதவாது. நிறுத்தினால் வைரஸ் மறுபடி பெருகும்.

விரதகாரருக்கும் வீட்டில் சொல்லாதவருக்கும் இரவு. நித்திரை குழம்புபவருக்குக் காலை. மாற்றுமுன் கிளினிக்கில் ஒருமுறை கேளுங்கள்.