'பாண்டிட்': குறைந்த டேட்டாவில் கணினிப் பாதுகாப்பின் அரிச்சுவடி

உயர்தரம் எழுதிவிட்டுப் பெறுபேற்றுக்குக் காத்திருக்கும் பிள்ளை கணினிப் பாதுகாப்பு படிக்கப் போகிறேன் என்றால், கொழும்புப் பாடநெறிக்குக் காசு கட்டுமுன் ஓவர்-த-வயர் தளத்தின் 'பாண்டிட்' விளையாட்டில் இருத்திவிடுங்கள். தொலைவிலுள்ள லினக்ஸ் கணினியொன்றில் கட்டளைகளை அடித்துப் படிப்படியாக முன்னேறும் விளையாட்டு இது. இலவசம், பதிவும் தேவையில்லை. பாதுகாப்புச் சோதனைக்கென்றே உள்ள காளி லினக்ஸ் இயங்குதளத்தை இறக்கவே சில ஜிபி போய்விடும். இதில் போய்வருவது வெறும் எழுத்துத்தான். உப்புவெளியில் போன் ஹொட்ஸ்பொட்டை நம்பியிருக்கும் வீட்டுக்கும், பழைய லப்டொப்புக்கும் தாங்கும்.

தொலைவிலுள்ள கணினியோடு இணைக்கும் எஸ்எஸ்எச் நிரல் விண்டோஸ் 10இல் கூடவே வருகிறது. தளத்தில் தந்துள்ள முகவரியோடு 2220 என்ற போர்ட்டையும் (இணைப்பு வாயிலின் எண்) குறிப்பிட வேண்டும். விட்டால் 22க்குப் போகும், அங்கே உள்ளே எடுக்காது. கடவுச்சொல் அடிக்கும்போது திரையில் ஒன்றும் தெரியாது, கீபோர்ட் பழுதில்லை. அநேகமாக ஒவ்வொரு படியிலும் அடுத்த படியின் கடவுச்சொல் ஒளிந்திருக்கும். அதைத் தளம் உங்களுக்காகச் சேமித்து வைக்காது, கொப்பியில் எழுதுங்கள்.

தொடக்கத்திலேயே ஒரு குசும்பு உண்டு. கோப்பின் பெயர் வெறும் சிறு கோடு. கோப்பில் உள்ளதைத் திரையில் காட்டும் 'கேட்' கட்டளைக்கு அந்தக் கோட்டை மட்டும் கொடுத்தால், நீங்கள் எதையாவது அடிப்பீர்கள் என்று அது காத்துக்கொண்டிருக்கும். இணைப்பு தொங்கிவிட்டது என்று நினைத்து மூடுபவர்கள் அதிகம். கோட்டுக்கு முன்னால் புள்ளியும் சாய்கோடும் சேர்த்தால் திறக்கும்.

உண்மையான சோதனை 12ஆம் படி. ஹெக்ஸ் (பதினாறடி எண்முறை) எழுத்தாக இருக்கும் கோப்பைப் பழைய நிலைக்கு மாற்றி, பலமுறை சுருக்கப்பட்டதை வெங்காயம் உரிப்பதுபோல் விரிக்க வேண்டும். உங்கள் கணக்குக்குரிய வீட்டு அடைவில் (ஃபோல்டர்) எழுத அனுமதியில்லை, ஆகவே தற்காலிகக் கோப்புகளுக்கான 'டெம்ப்'பில் சொந்த அடைவு ஒன்று போடுங்கள். ஒவ்வொரு உரிப்புக்கும் முன் 'ஃபைல்' கட்டளையால் வகையைப் பாருங்கள். ஜிசிப் என்ற சுருக்க வகை வந்தால் பெயரின் பின்னொட்டையும் அதற்கேற்ப மாற்றவேண்டும், இல்லாவிட்டால் ஜிசிப் தொடவே மாட்டாது. போனில் டெர்மக்ஸ் என்ற கட்டளைத்திரைச் செயலியை வைத்தும் விளையாடலாம்தான், ஆனால் இந்தப் படியில் விரல் நோகும்.

குறைகளும் உண்டு. விளக்கம் மிகக் குறைவு. கட்டளைகளின் பெயரைச் சொல்லிவிட்டு ஆங்கிலக் கையேட்டை வாசி என்று விட்டுவிடுகிறது. சான்றிதழ் கிடையாது. கற்பது பெரும்பாலும் லினக்ஸ்தான், வலைத்தளப் பாதுகாப்புக்கு அதே தளத்தின் 'நாட்டாஸ்' என்ற விளையாட்டுக்குப் போகவேண்டும். பழகியதைப் பக்கத்து வீட்டு வைஃபையில் காட்டப் போகாதீர்கள்: இலங்கையின் 2007ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கக் கணினிக் குற்றச் சட்டத்தில் அனுமதியில்லா நுழைவே குற்றம்.

கிழக்குப் பல்கலைக்கழகத்தின் கோணேசபுரி வளாகத்தில் கணினி விஞ்ஞானம் படிப்பவர்கள் முதல் பத்துப் படிகளை ஒரு பின்னேரத்தில் தாண்டிவிடுவார்கள். அவர்களுக்கான வேலை 24ஆம் படியில் இருக்கிறது. நான்கு இலக்க இரகசிய எண் ஒன்றைக் கண்டுபிடிக்க வேண்டும், 10,000 சாத்தியங்கள். ஒவ்வொன்றுக்கும் புதிதாக இணைந்தால் விடிந்துவிடும்; எல்லாவற்றையும் ஒரே இணைப்பில் வரிசையாக அனுப்பும் சிறு நிரல் எழுதினால் போதும்.