திருவொற்றியூர்க் கிடங்கில் ஆறு மாதமாக எரியும் 150 வாட் எல்.இ.டி. டிரைவர்

திருவொற்றியூரில் எண்ணூர் விரைவுச் சாலையை ஒட்டியுள்ள எங்கள் கிடங்கில், மூன்று பேஸ் மின் இணைப்பில் பேஸுக்குப் பன்னிரண்டு வீதம், உயரக் கூரையில் தொங்கும் 36 ஹைபே விளக்குகள் எரிகின்றன. அவற்றின் டிரைவர்களை, அதாவது எல்.இ.டி.க்கு ஏற்றபடி மின்சாரத்தை மாற்றித் தரும் பெட்டிகளை, மாற்ற நேர்ந்ததற்குக் காரணம் வெளிச்சக் குறைவு அன்று, மூன்று பேஸுக்கும் பொதுவான திரும்பு கம்பியாகிய நியூட்ரலின் சூடு. பேனலைத் திறந்தபோது, நியூட்ரல் கம்பிகளை இணைக்கும் லிங்கில் செருகியிருந்த கம்பியின் உறை திருகுக்கு அருகே ஒரு விரற்கடை அளவுக்கு வெந்து, நகம் பட்டதும் உதிர்ந்தது. திருகு தளர்ந்திருந்ததற்கும் அதில் பங்கு உண்டு. ஆயினும் கிளாம்ப் மீட்டர் ஒவ்வொரு பேஸிலும் 8.5 ஆம்பியர் காட்டிற்று. சுமை மூன்றிலும் சமமாக இருக்கையில் ஏறத்தாழ ஒன்றுமே ஓடக்கூடாத நியூட்ரலிலும் அதே 8.5 ஆம்பியர்.

பழைய டிரைவரின் மீது பவர் ஃபேக்டர் (இழுக்கும் மின்சாரத்தில் உண்மையில் பயன்படும் பங்கு) 0.92 என்று அச்சிட்டிருந்தார்கள். அது பொய்யன்று. மின்னோட்டச் சிதைவு, அதாவது மின்னோட்டம் சீரான அலைவடிவத்திலிருந்து விலகும் அளவு, 42 விழுக்காடாக இருந்தாலும் பவர் ஃபேக்டர் 0.92 வந்துவிடும் என்பதுதான் சிக்கல். அந்தச் சிதைவில் பெரும்பங்கான மூன்றாம் ஹார்மோனிக் (50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தின் மும்மடங்கான 150 ஹெர்ட்ஸ் அலை), மூன்று பேஸிலும் ஒரே நேரத்தில் ஏறி இறங்குவதால், நியூட்ரலில் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளாமல் கூடிவிடுகிறது.

புதிய டிரைவரை அதன் பவர் ஃபேக்டருக்காக அல்லாமல், 10 விழுக்காட்டுக்குக் குறைவான சிதைவு என்ற ஒரு வரிக்காகவே வாங்கினோம். முழு வெளிச்சத்தில் அனலைசர் 8 விழுக்காடு காட்டியது, நியூட்ரல் 1.4 ஆம்பியருக்கு இறங்கியது. உத்தரவாதம் போனாலும் போகட்டும் என்று ஒன்றைத் திறந்து பார்த்தேன். உள்ளே, மின்னழுத்தத்தை உயர்த்தியபடியே உள்வரும் மின்னோட்ட அலையைச் சீராக்கும் பூஸ்ட் வகைத் திருத்தி இருக்கிறது. மின்னழுத்தம் சுழியத்தைக் கடக்கும் இடத்தில் சுருளில் மின்னோட்டம் ஏறப் போதிய அழுத்தம் இல்லாததால், அலையில் அங்கே ஒரு தட்டையான படி விழுவது வழக்கம். இதில் கட்டுப்பாட்டு ஐ.சி. அந்நேரத்தில் சுவிட்சைச் சற்றுக் கூடுதல் நேரம் மின்னோட்டம் பாயும் நிலையில் (ஆனில்) வைத்து அதைச் சரிக்கட்டுகிறது. ஏ.சி.யை டி.சி.யாக்கும் டையோடு பிரிட்ஜுக்குப் பின்னுள்ள பிலிம் கெப்பாசிட்டரையும் சிறியதாகவே வைத்திருக்கிறார்கள். அது பெரிதானால் சுழியத்தருகே பிரிட்ஜை மூடிவைத்து அதே படியை மீண்டும் உண்டாக்கும். வெளியீட்டில் உள்ள 100 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டரில் 100 ஹெர்ட்ஸ் அலைவு சுமார் 12 வோல்ட் இருந்தும், மின்னழுத்தக் கட்டுப்பாட்டு வளையத்தை வேண்டுமென்றே மந்தமாக்கியிருப்பதால் அந்த அலைவு உள்வரும் மின்னோட்டத்தில் மூன்றாம் ஹார்மோனிக்காகத் திரும்புவதில்லை. இவ்வளவு கவனத்தை இந்த விலைப் பொருளில் நான் எதிர்பார்க்கவில்லை.

இரவில் கால் வெளிச்சத்துக்குக் குறைத்தால் சிதைவு 21 விழுக்காடாகிறது. எண்ணைப் பார்த்து முதலில் எரிச்சலுற்றேன். ஆனால் அது கால்பங்கு மின்னோட்டத்தின் 21 விழுக்காடு என்பதால் நியூட்ரலில் 0.9 ஆம்பியர்தான் ஓடுகிறது. தரவுத்தாளில் இந்த நிலைக்கான அளவை அறவே தராததுதான் குறை.

பெரிய குறை வேறொன்று. கடற்காற்றுக்கு மூடியின் திருகுகள் ஆறே மாதத்தில் துருவேறிவிட்டன. கேபிள் நுழையும் இடத்து ரப்பரும் தளர்வாக இருக்கிறது. விற்பனையாளர் மாற்றுத் திருகு தருவதாகச் சொல்லி மூன்று வாரம் ஆகிறது. நாங்களே துருப்பிடிக்காத எஃகுத் திருகுகளை வாங்கி மாட்டத் தொடங்கியிருக்கிறோம். பின்கட்டுக் கொட்டகைக்கும் இதே டிரைவரில் இன்னும் பன்னிரண்டு சொல்லியிருக்கிறோம்.