அலிபாபா டிரேட் அஷ்யூரன்ஸ்: எழுதி வாங்கினால் காசு பத்திரம்

திருப்பூரில் டிடிஎஃப் பிரிண்டிங் (டிசைனை ஃபிலிமில் அச்சடித்து, ஒட்டும் பவுடர் தூவி, சூட்டில் துணிக்கு மாற்றும் முறை) யூனிட் வைத்திருக்கிற யாரைக் கேட்டாலும் ஃபிலிமையும் பவுடரையும் சீனாவிலிருந்து நேராக இறக்கலாமா என்று ஒரு முறையாவது கணக்குப் போட்டுப் பார்த்திருப்பார். லோக்கல் டீலர் சொல்லும் விலைக்கும் அங்கே திரையில் தெரியும் விலைக்கும் உள்ள வித்தியாசம் அப்படி. நாங்கள் சீனாவின் மொத்த வியாபாரத் தளமான அலிபாபா டாட் காமில்தான் வாங்குகிறோம், அதுவும் வாங்குபவரின் பணத்துக்கு அந்தத் தளமே தரும் பாதுகாப்பான டிரேட் அஷ்யூரன்ஸ் ஆர்டராக மட்டும். அது எதுவரை காப்பாற்றும், எதற்குமேல் நம் பாடு என்பதைச் சொல்கிறேன்.

விஷயம் எளிது. ஆர்டர் பக்கத்தில் காட்டும் கணக்குக்குப் பணம் கட்டினால் அது உடனே சப்ளையர் கைக்குப் போகாது, நடுவில் நிற்கும். சொன்ன சரக்கு வரவில்லை, அல்லது வேறு மாதிரி வந்தது என்றால் புகார் போட்டுத் திரும்பக் கேட்கலாம். ஆகவே ஏமாற்ற நினைப்பவனின் முதல் வேலை உங்களை அந்தப் பக்கத்திலிருந்து வெளியே இழுப்பதுதான். விலை படிந்ததும் பேச்சு வாட்ஸ்அப்புக்கோ வீசாட்டுக்கோ நகரும், அப்புறம் "பிளாட்ஃபார்ம் கமிஷன் மிச்சமாகும், நேராகக் கம்பெனி கணக்குக்கு அனுப்பினால் மூன்று சதவீதம் குறைக்கிறேன்" என்று வரும். எங்களுக்கு அப்படிக் கேட்டவர் அனுப்பிய கணக்கில் கம்பெனி பெயரே இல்லை, ஒரு தனி ஆளின் பெயர்! அதோடு பேச்சை முடித்துக்கொண்டோம்.

இதைவிட மோசமான வகை ஒன்று உண்டு. சப்ளையர் நல்லவர், பழகியவர், ஆனால் அவருடைய மெயிலுக்குள் வேறு யாரோ புகுந்திருப்பார்கள். பேலன்ஸ் கட்டும் நேரம் பார்த்து, "ஆடிட் நடக்கிறது, இந்த முறை புதிய கணக்குக்கு அனுப்புங்கள்" என்று, பழைய இன்வாய்ஸ் மாதிரியே அச்சு அசலாக ஒன்று வரும். மெயில் முகவரியில் ஒரே ஒரு எழுத்து மாறியிருக்கும். ஸ்விஃப்டில் (வங்கிகள் வழியாக வெளிநாட்டுக்குப் பணம் அனுப்பும் முறை) போன பணத்தைத் திரும்ப இழுப்பது குதிரைக் கொம்பு. கணக்கு மாறியது என்று எழுத்தில் வந்தால், பழைய நம்பருக்கு வீடியோ காலில் பேசி முகத்தைப் பார்த்து உறுதி செய்யாமல் ஒரு டாலர்கூட நகரக் கூடாது.

சப்ளையர் பக்கத்தில் அலிபாபா காட்டும் பேட்ஜ்களைப் பார்த்து மயங்க வேண்டாம். கோல்டு சப்ளையர் என்பது காசு கட்டி வாங்கும் மெம்பர்ஷிப். 2009, 2010 இரண்டு வருடத்தில் 2,300-க்கும் மேற்பட்ட கோல்டு சப்ளையர்கள் வாங்குபவர்களை ஏமாற்றியதாக அலிபாபாவே ஒப்புக்கொண்டது, அவர்களை உள்ளே விட்டதில் சொந்த விற்பனை ஊழியர்கள் சுமார் நூறு பேருக்குப் பங்கு இருந்தது, 2011-இல் அப்போதைய சிஇஓ டேவிட் வெய் பதவி விலகினார். இப்போது இருக்கும் வெரிஃபைடு பேட்ஜ் கொஞ்சம் மேல், எஸ்ஜிஎஸ் மாதிரி வெளி ஆய்வு நிறுவனம் ஒன்று நேரில் போய்ப் பார்த்திருக்கும். ஆனால் அது சொல்வது அப்படி ஒரு கம்பெனி இருக்கிறது என்பதைத்தான், உங்கள் பெட்டிக்குள் என்ன இருக்கும் என்பதை அல்ல.

நாங்கள் எப்போதும் கேட்பது பிசினஸ் லைசன்ஸின் நகல். சீனச் சட்டத்தில் கம்பெனியின் சீனப் பெயர்தான் பெயர், இன்வாய்ஸில் இருக்கும் இங்கிலீஷ் பெயர் அவர்களாக வைத்துக்கொள்வது. லைசன்ஸில் 18 இலக்கப் பதிவு எண் ஒன்று இருக்கும், அதை அந்த நாட்டு அரசின் நிறுவனப் பதிவுத் தளத்தில் போட்டால் கம்பெனி எப்போது தொடங்கியது, என்ன தொழில் செய்யப் பதிந்திருக்கிறது என்று வரும். தளம் சீன மொழியில்தான், பிரவுசரில் மொழிபெயர்த்துப் படித்தால் போதும். "எங்கள் சொந்த ஃபேக்டரி" என்பவரின் பதிவில் வெறும் வியாபாரம் மட்டும் இருந்தால் அவர் வாங்கி விற்பவர் என்று தெரிந்துவிடும். வாங்கி விற்பது தப்பில்லை, ஆனால் பொய்யில் தொடங்குகிறவர் எதில் முடிப்பார்?

இனி முக்கியமான இடம். டிரேட் அஷ்யூரன்ஸ் காப்பாற்றுவது ஆர்டரில் எழுதியதை மட்டும்தான். "நல்ல குவாலிட்டி டிடிஎஃப் ஃபிலிம், 10 ரோல்" என்று இருந்தால் புகாரில் எதைக் காட்டி வாதாடுவது? சாம்பிள் அருமையாக இருக்கும், மொத்தச் சரக்கில்தான் கை வைப்பார்கள். எங்களுக்கு ஒரு சப்ளையரிடமிருந்து வந்த ரோல்கள் பார்க்கச் சரியாகத்தான் இருந்தன, தூக்கும்போதுதான் சந்தேகம் வந்தது. 60 செ.மீ. அகலம், 100 மீட்டர் நீளம், 75 மைக்ரான் கனம் என்றால், பெட் (PET என்ற பிளாஸ்டிக்) ஃபிலிமின் அடர்த்தி கன செ.மீ.க்கு 1.38 கிராம் என்று வைத்துப் பெருக்கினால், பூச்சையும் நடுக்குழாயையும் விட்டுவிட்டுப் பார்த்தாலே 6.2 கிலோ வர வேண்டும். தராசில் வைத்தால் குழாயோடு சேர்த்தே 6 கிலோவைத் தொடவில்லை. பிரித்து அளந்தால் நீளம் 80 மீட்டரை ஒட்டி நின்றது. ஆர்டரில் அகலம், நீளம், மைக்ரான் மூன்றையும் எண்ணாக எழுதி, ரோலின் குறைந்தபட்ச எடையையும் சேர்த்திருந்ததால் தராசு வீடியோவும் டேப் வைத்து அளந்த வீடியோவும் போதுமானதாக இருந்தன. குறைந்த நீளத்துக்கான பணம் திரும்ப வந்தது. புகாருக்கு நாள் கெடு உண்டு, பொதுவாகச் சரக்கு கைக்கு வந்து 30 நாள். அடுத்த மாதம் பிரிக்கலாம் என்று பெட்டியை மூலையில் போட்டுவிட்டால் அவ்வளவுதான்.

கப்பல் வாடகையிலும் கவனம் தேவை. சிஐஎஃப் (நம் துறைமுகம் வரை கப்பல் வாடகையும் இன்சூரன்ஸும் சேர்ந்த விலை) என்று ஆச்சரியமான விலையில் தருவார்கள், விட்டதை தூத்துக்குடியில் இறங்கும்போது ஏஜென்ட் பில்லில் பிடித்துவிடுவார்கள். எஃப்ஓபி (அங்கே கப்பலில் ஏற்றித் தருவது வரைக்குமான விலை) வாங்கி, சரக்கைக் கொண்டுவர நம் ஃபார்வர்டரை வைத்துக்கொள்வது தேவலை. "டூட்டியும் சேர்த்து வீட்டு வாசலில் தருகிறோம்" என்ற டிடிபி பேச்சு இன்னும் இனிப்பு. ஆனால் உங்கள் ஐஇசி எண்ணில் (இறக்குமதி-ஏற்றுமதிப் பதிவு எண்) பில் ஆஃப் என்ட்ரி (சுங்கத்துறையில் தாக்கல் செய்யும் இறக்குமதிப் பத்திரம்) வரவில்லையென்றால் இறக்குமதிக்குக் கட்டும் ஐஜிஎஸ்டி வரிக்குக் கிரெடிட் எடுக்க முடியாது, மதிப்பைக் குறைத்துக் காட்டிச் சரக்கு மாட்டினால் சுங்கத்துறைக்குப் பதில் சொல்லப்போவது யார் என்பதும் கேள்விதான்.

ஃபிலிம், பவுடர், இங்க் வரைக்கும் இந்த வழியில் வாங்கலாம் என்பேன், மொத்தமாக எடுப்பவர்களுக்கு மட்டும். ஐந்தாறு ரோல் தேவைப்படுகிறவர்கள் ஃபிரைட்டையும் கிளியரன்ஸையும் கூட்டிப் பார்த்தால் லோக்கல் டீலரே மலிவு. இங்க்கைத் தெளிக்கும் பிரிண்ட் ஹெட் மட்டும் நான் அலிபாபாவில் வாங்க மாட்டேன். புதுசு என்று சொல்லி, கழற்றிக் கழுவிய பழைய எப்சன் ஹெட்டைப் பேக் செய்து அனுப்பினால் அதை நிரூபிப்பது பெரும்பாடு, இங்க் ஏற்றிய பிறகு யார் கெடுத்தது என்ற வாதத்துக்கு முடிவே கிடையாது. அதற்கு விலை கூடக் கொடுத்தாவது, கண்முன்னே நாசில் டெஸ்ட் (ஹெட்டின் துளைகள் எல்லாவற்றிலும் இங்க் வருகிறதா என்ற சோதனை) எடுத்துக் காட்டிவிட்டுத் தரும் உள்ளூர்க்காரரிடம்தான் போவேன்.