டிவிக்குக் கீழே என்ன வைப்பது: நான்கு யூனிட்டுகளும் ஒரு பழைய பெஞ்சும்

டிவியைத் தேர்ந்தெடுக்க எங்களுக்கு அரை மணி நேரம் போதுமானதாக இருந்தது. அதன் கீழே என்ன வைப்பது என்று முடிவு செய்ய இரண்டு மாதம் பிடித்தது. டிவியைப் பற்றி வீட்டில் யாருக்கும் பெரிதாக ஒன்றும் தெரியாது, அதனால் சண்டையும் இல்லை. மரச்சாமான் என்றால் ஆளுக்கொரு கருத்து.

இடம் சென்னையில் ஓர் அடுக்குமாடி வீடு. ஹால் பதினோரு அடிக்குப் பதினைந்தடி. டிவி வரும் சுவர் பதினோரு அடி, டிவி 55 அங்குலம். போட்டியில் நான்கு இருந்தன: பெட்டியில் வந்து நாமே பூட்டிக்கொள்ளும் ரெடிமேட் யூனிட், சுவரில் தொங்கும் யூனிட், சுவர் முழுக்க அடைக்கும் பேனல், ஆசாரி செய்து தரும் தாழ்வான யூனிட். இந்தப் போட்டியில் சேராமலே ஐந்தாவதாக வேனில் வந்து இறங்கியது, ஊர் வீட்டிலிருந்த அம்மாவின் தேக்குப் பெஞ்சு. ஆறடி நீளம், ஒன்றேகால் அடி அகலம், ஒன்றரை அடி உயரம். வேறு வழியில்லாமல் டிவியைத் தற்காலிகமாக அதன்மேல் வைத்தோம். வைத்தபின் கடைகளில் பார்த்த எதுவும் அந்தப் பெஞ்சு அளவுக்கு எடுப்பாக இல்லை. ஏன் என்று இன்ச் டேப்பை எடுத்த பிறகுதான் புரிந்தது.

டேப் சொன்னது

55 அங்குலம் என்பது மூலைக்கு மூலை அளவு. குறுக்கே அளந்தால் கிட்டத்தட்ட 48 அங்குலம், அதாவது நாலடி. உயரம் 27 அங்குலம். 43 அங்குல டிவி குறுக்கே முப்பத்தேழரை, 65 அங்குல டிவி ஏறக்குறைய 57. யூனிட் வாங்கும்போது நமக்கு வேண்டியது இந்தக் குறுக்களவுதான். கடையில் "55 அங்குல டிவி வரை" என்று எழுதி வைத்திருக்கும் யூனிட்டுகள் பலவும் நாலடியோ நாலரை அடியோதான் இருக்கும். எடையைத் தாங்கும் என்பதற்கு மேல் அந்த வரிக்கு அர்த்தம் கிடையாது. நாலடி யூனிட்டில் நாலடி டிவியை வைத்தால் சின்னப் பையன் தாத்தாவின் தலைப்பாகையைக் கட்டிக்கொண்ட மாதிரி இருக்கும்.

கண்ணுக்கு இதமாக இருப்பது, டிவியின் குறுக்களவு யூனிட்டில் மூன்றில் இரண்டு பங்காக வரும்போது. 48-க்கு 72, ஆறடி. எங்கள் பெஞ்சின் நீளம் அதேதான், தற்செயல். இந்தக் கணக்கில் 43 அங்குல டிவிக்கு ஐந்தடி சரி, 65-க்கு ஏழடி. இடமில்லை என்றால் இரண்டு பக்கமும் அரை அடியாவது மிஞ்சட்டும். அதற்குக் கீழே போகாதீர்கள். இன்னொன்று, இப்போது வரும் டிவிகள் பலவற்றுக்கு நடுவில் ஒற்றைத் தண்டு கிடையாது. இரண்டு ஓரங்களிலும் காக்கைக் கால் மாதிரி இரண்டு கால்கள். குறுகலான யூனிட்டில் அழகு போகட்டும், டிவி நிற்கவே நிற்காது. வாங்கும் முன் அந்தக் கால்களுக்கு நடுவிலுள்ள தூரத்தையும் அளந்துகொள்ளுங்கள்.

உயரம்தான் பெரிய சிக்கல். சோபாவில் சாய்ந்து உட்கார்ந்தால் கண் தரையிலிருந்து சுமார் 40 அங்குலத்தில் இருக்கும். திரையின் நடுப்பகுதியும் அங்கேயே இருக்கட்டும் என்று பொதுவாகச் சொல்வார்கள். எல்லோரும் சோபாவிலேயே உட்காரும் வீட்டுக்கு அது பொருந்தும். எங்கள் வீட்டில் அம்மாவும் பெரியவளும் பாயில்தான் உட்காருவார்கள். காய் நறுக்குவது, வீட்டுப்பாடம் எழுதுவது எல்லாம் தரையில். தரையில் உட்கார்ந்தவரின் கண் 30 அங்குலத்துக்குள்தான் இருக்கும். இரண்டுக்கும் நடுவே 35-ஐப் பிடித்தோம். டிவியின் கால் மூன்று அங்குலம், திரையில் பாதி பதின்மூன்றரை. இவை போக யூனிட்டுக்கு மிஞ்சுவது பதினெட்டரை அங்குலம். எட்டடி தள்ளி உட்கார்ந்தால் சோபாக்காரர் நாலு டிகிரிக்கும் குறைவாகக் கீழே பார்ப்பார், பாயில் இருப்பவர் அதே அளவு மேலே பார்ப்பார். யாருக்கும் கழுத்து நோகாது.

டிவியைச் சுவரில் மாட்டும் பொறுப்பை எலக்ட்ரீஷியனிடம் விட்டால் என்ன ஆகும் என்று எல்லோருக்கும் தெரியும். நின்றபடி தன் கண்ணுக்கு நேராகத் துளை போட்டுவிட்டுப் போவார். திரையின் நடு ஐந்தடிக்குப் போய்விடும். பாயில் ஏழடி தள்ளி உட்கார்ந்திருக்கும் அம்மா இருபது டிகிரி அண்ணாந்து சீரியல் பார்க்க வேண்டும்.

ரெடிமேட்

இதை எடுத்த எடுப்பில் ஒதுக்க மாட்டேன். வாடகை வீட்டில் இருப்பவருக்கு, 43 அங்குலமோ அதற்குச் சின்னதோ டிவி வைத்திருப்பவருக்கு, இதுதான் நியாயமான தேர்வு. தூசி இல்லை, ரம்பச் சத்தம் இல்லை, இரண்டு மணி நேரத்தில் நின்றுவிடும். விளிம்புப் பட்டையை இயந்திரத்தில் ஒட்டுவதால் கையால் ஒட்டியதைவிட நேர்த்தியாகவும் இருக்கும்.

குறை பலகையில் இருக்கிறது. பெரும்பாலானவை பார்ட்டிகிள் போர்டு, அதாவது மரத்தூளையும் சில்லுகளையும் பசையோடு அழுத்திய பலகை. மேலே இருக்கும் தாள் மழமழவென்று இருந்தாலும் வயர் போக அறுத்த ஓட்டையிலும் அடிப்பக்கத்திலும் பலகை பச்சையாகவே இருக்கும். தண்ணீர் அங்கேதான் நுழையும். நம் வீடுகளில் தினமும் தரை துடைக்கிறோம் என்பதை இதை வடிவமைக்கிறவர்கள் யோசிப்பதாகத் தெரியவில்லை. முந்தைய வாடகை வீட்டில் எங்களிடம் அடிப்பலகை தரையைத் தொடும்படி ஒன்று இருந்தது. இரண்டாவது வருடம் அடிப்பக்கம் பூரி மாதிரி உப்பி, கதவு சாத்த முடியாமல் போனது. அப்புறம் வீடு மாறும்போது கழற்றிப் பூட்டினோம். கழற்றிய துளையில் திருகு இரண்டாம் முறை பிடிக்கவில்லை. வாங்குவதென்றால் நாலு அங்குலமாவது கால் இருப்பதை வாங்குங்கள். ஐந்தடிக்கு மேல் நீளமென்றால் நடுவிலும் ஒரு தாங்கு கால் இருக்கிறதா என்று குனிந்து பாருங்கள். இல்லாவிட்டால் நடுவில் தொய்யும்.

தொங்கும் யூனிட்

பார்க்க இதுதான் அழகு, சந்தேகமே இல்லை. சின்ன ஹாலில் தரை முழுசாகக் கண்ணில் படுவதால் இடம் பெரிதாகத் தெரியும். விளக்குமாறும் மாப்பும் தடையில்லாமல் போகும். என் மனைவியின் ஓட்டு இதற்குத்தான். எனக்கும் ஆசை இருந்தது, சுவரைத் தட்டிப் பார்க்கும் வரை.

புது அடுக்குமாடிகளில் பல சுவர்கள் ஏஏசி என்ற லேசான கட்டியிலோ ஹாலோ பிளாக்கிலோ எழுப்பியவை. தட்டினால் பொக்கென்று சத்தம் வரும். சாதாரணப் பிளாஸ்டிக் பிளக்கும் திருகும் அதில் நாளாக நாளாக ஆட்டம் காணும். அதற்கென்று தனி ஆங்கர் போட வேண்டும், அதைப் போடத் தெரிந்த ஆளும் வேண்டும். செங்கல் சுவரோ, அச்சு நிறுத்தி வார்த்த கான்கிரீட் சுவரோ என்றால் இந்தக் கவலை இல்லை, துளை போடுகிறவருக்குத்தான் கஷ்டம். எடை என்றால் டிவியின் எடை மட்டும் இல்லை. டிராயரை இழுக்கும்போதெல்லாம் மேல் திருகு சுவரிலிருந்து பிடுங்கப் பார்க்கும். அப்புறம் குழந்தைகள். பதினெட்டு அங்குல உயரத்தில் ஒரு பலகை இருந்தால் சின்னவன் அதில் உட்காராமல் இருக்க மாட்டான்.

உங்கள் சுவர் கெட்டி, வீடு சொந்தம் என்றால் தயங்காமல் இதை எடுக்கலாம். அடிப்பக்கம் தரையிலிருந்து எட்டு அங்குலத்துக்கு மேல் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். இரண்டரை அடியில் மாட்டிவிட்டு அதற்கு மேலே டிவியை ஏற்றினால் மறுபடி எலக்ட்ரீஷியன் கதைதான்.

சுவர் முழுக்கப் பேனல்

இன்டீரியர்காரர்கள் முதலில் காட்டும் படம் இதுதான். கோடு கோடாகப் பட்டைகள், பின்னால் எல்இடி வெளிச்சம், இரண்டு பக்கமும் கண்ணாடித் தட்டுகள். வயர் ஒன்றுகூட வெளியே தெரியாது என்பது உண்மையான லாபம். மற்றபடி எனக்கு இது பிடிக்கவில்லை.

பழைய ஷோகேஸ் ஞாபகம் இருக்கிறதா? 29 அங்குலப் பெட்டி டிவிக்கு நடுவில் ஆழமாக ஒரு பொந்து, சுற்றிலும் தலையாட்டி பொம்மையும் ஸ்கூல் கப்பும். தட்டை டிவி வந்ததும் அந்தப் பொந்துக்குள் அகலமான எதுவும் நுழையவில்லை. ஷோகேஸையே அறுத்தவர்கள் உண்டு. பேனலிலும் அதே தப்புதான் நடக்கிறது, இன்றைய டிவியின் அளவை வைத்துச் சுவரையே வடிவமைப்பது. 2006-இல் தமிழக அரசு கொடுக்கத் தொடங்கிய இலவச வண்ண டிவி 14 அங்குலம். இன்று ஹாலில் 55 சாதாரணம். அடுத்து என்ன வரும் என்று யார் கண்டது? அளவு விகிதமும் உதைக்கிறது. பதினோரு அடிச் சுவர் முழுக்கப் பேனல் அடித்து நடுவில் நாலடி டிவியை மாட்டினால் பெரிய கவரில் ஒட்டிய தபால்தலை மாதிரி இருக்கிறது.

இன்னொரு கவலை ஓதம். வடகிழக்குப் பருவமழையில் வெளிப்புறச் சுவர் ஈரம் குடிக்கும். வெறும் சுவரென்றால் பெயின்ட் உரிவதைப் பார்த்ததும் சுதாரித்துக்கொள்ளலாம். பேனலுக்குப் பின்னால் பூஞ்சையோ கரையானோ குடியேறினால் தெரிய வருவதற்குள் காலம் கடந்துவிடும். எங்கள் டிவி சுவர் வெளிச்சுவர். பேச்சு அதோடு முடிந்தது.

ஆசாரி

பெஞ்சு நன்றாகத்தான் இருந்தது. ஆனால் செட்டாப் பாக்ஸும் ரவுட்டரும் அவற்றின் வயர்களும் அடியில் குடல் மாதிரி தொங்கின. அதனால் பெஞ்சின் அளவில் ஒரு யூனிட் செய்யலாம் என்று முடிவாகி ஆசாரியை வரச் சொன்னோம். நான் தாளில் நீளம் 72, அகலம் 16 என்று எழுதி நீட்டினேன்.

"சார், பதினாறுன்னு எழுதாதீங்க. பதினஞ்சே முக்கால்னு எழுதுங்க. பலகை நாலடிதான். ரம்பம் தின்னது போக அப்பத்தான் மூணு பட்டை வரும்."

எட்டுக்கு நாலடி பிளைவுட்டை நீளவாக்கில் மூன்று பட்டைகளாக அறுத்தால் ஒன்றில் மேல்பலகை, இன்னொன்றில் அடிப்பலகை. அவற்றில் மிஞ்சும் இரண்டடித் துண்டுகள் டிராயர் முகப்புக்கு. மூன்றாவது பட்டையிலிருந்து ஓரடி உயரத்தில் நான்கு தாங்குகள், இரண்டடிக்கு ஒன்று, அதனால் தொய்வுக்கு வழியில்லை. 18 மில்லிமீட்டர் பலகை ஒன்றே போதுமாக இருந்தது. டிராயரின் உடலுக்கும் அடிக்கும் மட்டும் மெல்லிய பலகை வாங்கினோம். பதினாறு என்று நான் பிடிவாதம் பிடித்திருந்தால் கால் அங்குலத்துக்காக இரண்டாவது பலகையை வெட்டியிருப்போம்.

பிளைவுட்டில் கமர்ஷியல் என்பது ஈரத்தை ஓரளவுதான் தாங்கும். கடைக்காரர் சமையலறைக்குப் போடும் மெரைன் பிளையை, ஐஎஸ் 710 முத்திரை உள்ளதை, தலையில் கட்டப் பார்த்தார். டிவி யூனிட்டுக்கு அது அதிகம். கால் வைத்துத் தரையிலிருந்து தூக்கிவிட்டால் நடு ரகமான பிடபிள்யூஆர் (BWR) போதும். முத்திரை பலகையிலேயே அச்சாகியிருக்கிறதா என்று பார்த்து வாங்கினோம். ஐந்து அங்குல இரும்புக் கால்கள் சேர்ந்ததும் மொத்த உயரம் கணக்குப்படி பதினெட்டரை.

மூன்று அறைகளில் இரண்டுக்கு டிராயர். நடு அறைக்கு முகப்பும் இல்லை, முதுகும் இல்லை. ரிமோட்டின் கதிர் செட்டாப் பாக்ஸைத் தொட வேண்டும், சூடு வெளியேற வேண்டும், வயர் நேராகப் பின்னால் இறங்க வேண்டும். இதைச் சொல்லாவிட்டால் ஆசாரி அழகுக்காக முகப்பு போட்டுவிடுவார், அப்புறம் சேனல் மாற்றும்போதெல்லாம் திறந்து வைத்துக்கொள்ள வேண்டியதுதான்.

இதிலும் குறை உண்டு. நாலு நாள் என்றது பதினொரு நாள் ஆனது. வீடெங்கும் மரத்தூளும் பசை வாசமும். விளிம்புப் பட்டை ஒரு மூலையில் லேசாக எழும்பியிருக்கிறது, குனிந்து பார்த்தால் தெரியும். சிக்கனமும் இல்லை, கூலியையும் மைக்காவையும் சேர்த்தால் ரெடிமேட்டைவிடக் கூடுதல்தான். தாழ்வான யூனிட்டில் டிவியைக் காலோடு நிறுத்தினால் சின்னவன் பிடித்து இழுக்கும் உயரத்தில் இருக்கும் என்பதால் பின்பக்கத்தைப் பட்டையால் சுவரோடு கட்டியிருக்கிறோம். சின்னக் குழந்தை இருக்கும் வீட்டில் எந்த யூனிட் வாங்கினாலும் இதைச் செய்துவிடுங்கள்.

பெஞ்சு இப்போது பால்கனியில். ஊரில் இருந்தபோது நவராத்திரிக்கு அதுதான் கொலுவின் முதல் படி. புது யூனிட்டைச் சாணால் அளந்து பார்த்துவிட்டு, பெஞ்சும் இதுவும் ஒரே உயரம், சேர்த்துப் போட்டால் முதல் படி அகலமாக வரும் என்றார் அம்மா. டிவியை எங்கே வைப்பது என்று கேட்டேன். "ஒன்பது நாள் படுக்கையறையில கிடக்கட்டும்" என்றார்.