சட்டைக்குள் எது அடங்கும்: அஷானியா, நிர்பீக்கா, பிரபலா?

சென்னை மிண்ட் தெருவில் வெள்ளி வியாபாரம் பார்க்கிற எனக்கு ஆயுத லைசென்ஸ் இருக்கிறது என்பது சொந்தக்காரர்களில் பாதிப் பேருக்குத் தெரியாது. தெரியாமல் இருப்பதுதான் அதற்கு லட்சணம். தெரிந்த சிலரில் ஒருவன், பழைய வண்ணாரப்பேட்டையில் மொத்தத் துணி வியாபாரம் செய்கிற தம்பி. வேப்பேரி கமிஷனர் ஆபீசுக்கு நடையாய் நடந்து, பாதுகாப்புப் பயிற்சிச் சான்றிதழ், போலீஸ் விசாரணை எல்லாம் முடித்து லைசென்ஸ் கைக்கு வந்ததும் நேராக என் கடைக்கு வந்தான்.

"அண்ணே, இன்னா வாங்குறதுன்னு தெரியல. சின்னதா இருக்கணும், சட்டைக்குள்ள தெரியக் கூடாது. யூடியூப்ல பாத்தா எல்லாம் க்ளாக்கு, க்ளாக்குங்கிறான்."

க்ளாக் என்கிற வெளிநாட்டு பிஸ்டலை முதலிலேயே ஓரங்கட்டிவிடலாம். அது பெரும்பாலும் சுடுகிற 9 எம்.எம். விட்டமுள்ள குண்டு நம் நாட்டில் தடை செய்யப்பட்ட ரகம். சாதாரண லைசென்ஸில் கிடைக்காது. தனி ஆள் வெளிநாட்டுத் துப்பாக்கி இறக்குமதி செய்வதும் 1980களிலேயே நின்றுபோனது. அதற்கு முன் வந்திறங்கிய வால்தர் பி.பி.கே. போன்ற பிஸ்டல்கள் ஒரு லைசென்ஸிலிருந்து இன்னொன்றுக்குக் கைமாறிக்கொண்டிருக்கின்றன, விலை பல லட்சம். வால்தர் அருமையான சாமான்தான், 1931இல் வந்த வடிவம் இன்றைக்கும் சட்டைக்குள் கச்சிதமாக அடங்கும். ஆனால் அத்தனை பழசுக்கு ஒரு ஸ்ப்ரிங் போனால் மாற்று எங்கே தேடுவது?

ஆக, நடைமுறையில் நமக்கு மிஞ்சுவது பாயின்ட் 32, அதாவது ஏறக்குறைய 0.32 அங்குல விட்டமுள்ள குண்டு. அதில் அரசுத் தொழிற்சாலைச் சரக்கில் நாங்கள் பார்த்தது நாலு: அஷானி பிஸ்டல், பழைய மடக்கு ரிவால்வர், நிர்பீக், பிரபல் என்ற இரண்டு ரிவால்வர்கள். அரசு ஆயுதத் தொழிற்சாலைகளை நடத்திவந்த ஆர்டனன்ஸ் ஃபேக்டரி போர்டு 2021 அக்டோபரில் ஏழு கம்பெனியாகப் பிரிந்த பிறகு, துப்பாக்கிப் பக்கம் கான்பூரைத் தலைமையிடமாகக் கொண்ட கம்பெனியின் பொறுப்பு. .22 ரிவால்வரும் உண்டு, இறகு மாதிரி இருக்கும். உயிருக்குப் பயந்து வைத்துக்கொள்கிறவனுக்கு அதை நான் சொல்ல மாட்டேன்.

புதிதாக வாங்குகிறவர்கள் குழம்புகிற இடம் ஒன்று. பிஸ்டலில் தோட்டா கைப்பிடிக்குள் போகிற மேகசின் என்ற கூட்டில் அடுக்கியிருக்கும், ரிவால்வரில் சுழலும் சிலிண்டரின் அறைகளில் இருக்கும். பிஸ்டல் 32 வேறு, ரிவால்வர் 32 வேறு. ஒன்றின் தோட்டா மற்றதற்கு ஆகாது. பிஸ்டலின் குண்டு 71 கிரெயின், எங்கள் தராசுக் கணக்கில் நாலரை கிராம் சொச்சம். ரிவால்வரின் குண்டு 98 கிரெயின், ஆறு கிராமுக்கு மேல். கனமானது மெதுவாகப் போகும், லேசானது வேகமாகப் போகும். கடைசியில் இரண்டின் வலுவும் ஏறக்குறைய ஒன்றுதான், 9 எம்.எம்.மில் மூன்றில் ஒரு பங்கை ஒட்டி வரும். அதனால் "எதுக்குண்ணே பவர் ஜாஸ்தி?" என்று கேட்டு நேரத்தை வீணாக்க வேண்டாம் என்றேன்.

அஷானியின் பெரிய பலம், தட்டையாக இருப்பது. சட்டையை வெளியே விட்டுவிட்டால் பேன்ட் இடுப்பில் மொபைல் அளவுக்குத்தான் புடைக்கும். ரிவால்வரின் சிலிண்டர் பொம்மென்று துருத்தும், ஒல்லி ஆளாக இருந்தால் இன்னும் மோசம். வேட்டி, பச்சை பெல்ட் கேஸ் என்றால் எதுவுமே சரிப்படாது. அந்தப் பெல்ட்டின் பையில் பணம் வைக்கலாம், துப்பாக்கி வைத்தால் இறங்கித் தொங்கும்.

அப்படியானால் அஷானியே போதுமே என்றுதான் அவனும் நினைத்தான். ஆயுதக் கடைக்குக் கூட்டிப்போய் ஒரு சோதனை வைத்தேன். பிஸ்டலின் மேல்பகுதியான ஸ்லைடைப் பின்னால் இழுத்துவிட்டால்தான் முதல் தோட்டா சேம்பர் என்கிற சுடும் அறைக்குள் ஏறும். காலி அஷானியைக் கொடுத்து, அவன் இடக்கையில் என் லெதர் பையையும் பிடிக்கச் சொன்னேன். "இந்தப் பையில ரெண்டு கிலோ வெள்ளி இருக்கு. ஒருத்தன் பையப் புடிச்சி இழுக்குறான். இப்ப ஸ்லைடை இழு" என்றேன். பையை அக்குளில் இடுக்கினான், நழுவியது. தொடைக்கு நடுவில் வைத்துப் பார்த்தான். கடைசியில் கீழே வைத்துவிட்டுத்தான் இரண்டு கையாலும் இழுத்தான். கடைக்காரர் சிரிப்பை அடக்கிக்கொண்டார்.

சேம்பரில் தோட்டா ஏற்றியே வைத்துக்கொண்டால் இந்தத் தொல்லை இல்லையே என்பார்கள். ட்ரிக்கரை லேசாக இழுத்தாலே வெடிக்கிற அந்தக் காலத்து சிங்கிள் ஆக்ஷன் பிஸ்டலைத் தோட்டா ஏற்றி இடுப்பில் செருகிக்கொண்டு ஷேர் ஆட்டோவில் நாலு பேருக்கு நடுவில் உட்கார எனக்குத் துணிச்சல் இல்லை. பயிற்சி இல்லாதவன் அதைச் செய்யவே கூடாது. வீட்டுக்கு வந்து கழற்றும்போதும் ஆபத்து உண்டு. மேகசினை உருவியதும் காலி என்று மனசு சொல்லிவிடும், சேம்பரில் ஒன்று உட்கார்ந்திருக்கும். மேகசினை எடு, ஸ்லைடை இழு, உள்ளே விரலை விட்டும் பார். பன்னிரண்டு வருஷமாக அஷானி வைத்திருக்கும் நான் இன்றைக்கும் இதை ஒரு தரத்துக்கு இரண்டு தரம் செய்கிறேன்.

ரிவால்வரில் அந்தப் பேச்சே இல்லை. எடு, ட்ரிக்கரை இழு. தோட்டா வெடிக்காவிட்டால் இன்னொரு தரம் இழு, அடுத்த அறை வந்து நிற்கும். பிஸ்டலில் மக்கர் செய்தால் அங்கேயும் இரண்டு கை வேண்டும். அதன் தோட்டாவின் விளிம்பு லேசாக வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். மேகசினில் அடுக்கும்போது மேல் தோட்டாவின் விளிம்பு கீழ்த் தோட்டாவின் விளிம்புக்குப் பின்னால் போய்விட்டால் சிக்கிக்கொள்ளும். பார்த்து அடுக்கினால் வராது. அவசரத்தில் யார் பார்த்து அடுக்குகிறார்கள்?

ரிவால்வர் மூன்றில், நிர்பீக்கைப் பற்றித்தான் பேப்பர்களில் நிறைய வந்தது. டெல்லி நிர்பயா சம்பவத்துக்குப் பிறகு, பெண்களுக்கென்று சொல்லி 2014இல் கொண்டுவந்தார்கள். டைட்டானியம் கலவை, அரைக் கிலோ எடை, ஆறு தோட்டா, அன்றைய விலையே ஒரு லட்சத்து இருபத்திரண்டாயிரம் சொச்சம். எந்தப் பெண்ணுக்காகச் செய்தார்களோ அவள் சம்பளத்துக்கு எட்டாத விலை. இடுப்பில் வைத்தால் சுகமாகத்தான் இருக்கிறது. ஆனால் எடை குறையக் குறைய உதறல் கையில்தான் வந்து இறங்கும், ட்ரிக்கர் இழுக்கவும் விரலில் பலம் வேண்டும். என் தங்கச்சிக்கு வாங்கித்தருவதாக இருந்தால் கனமானதைத்தான் எடுப்பேன்.

பழைய மடக்கு ரிவால்வர், வெப்ளி என்ற பழைய பிரிட்டிஷ் ரிவால்வரின் வழியில் வந்தது. நடுவில் உடைத்துத் திறந்தால் காலித் தோட்டாக்கள் ஆறும் ஒன்றாக எழும்பி வெளியே விழும். பார்க்க அழகு. நாள்பட நாள்பட மேல் கொக்கி ஆட்டம் காணும், செகண்ட் ஹேண்ட் வாங்கினால் முதலில் அங்கேதான் ஆட்டிப் பார்க்க வேண்டும்.

பிரபல் 2023இல் வந்தது. சிலிண்டர் பக்கவாட்டில் திறக்கும், உடல்சட்டகம் ஒரே துண்டு, உடைத்துத் திறக்கும் வேலை இல்லை. எடை எழுநூறு கிராமை ஒட்டி. மறைத்து வைக்க வேண்டிய சாமானுக்கு 'பிரபல்' என்று பேர்! இந்தியில் வலிமையானது என்று அர்த்தமாம், இருக்கட்டும். ஐம்பது மீட்டர் வரை சுடும் என்று விளம்பரம் செய்தார்கள். மிண்ட் தெருவில் ஐந்து மீட்டருக்கு அப்பால் ஆள் முகமே தெரியாது, நடுவில் மீன்பாடி வண்டி நிற்கும். நமக்கு எதற்கு ஐம்பது?

யூடியூப்காரர்கள் பேசாத விஷயம் ஒன்று இருக்கிறது, வேர்வை. ராயபுரம், காசிமேடு உப்புக்காற்றும் அக்னி நட்சத்திர வேர்வையும் சேர்ந்தால் எந்த இரும்பும் தாங்காது. முதல் வருஷம் ஒரு கடையில் பளபளவென்று லெதர் ஹோல்ஸ்டர் என்கிற துப்பாக்கி உறை தந்தார்கள், "ஆயுசுக்கும் வரும் சார்" என்று. வேர்வையைக் குடித்துக்குடித்து ஸ்லைடில் மிளகு மிளகாகத் துருவைக் கொண்டுவந்தது. இப்போது பிளாஸ்டிக் ஹோல்ஸ்டர்தான். ராத்திரி கழற்றியதும் எண்ணெய்த் துணியால் ஒரு துடைப்பு, பிறகு லாக்கரில் தனியாக. ஹோல்ஸ்டருக்குள்ளேயே வைத்துப் பூட்டக் கூடாது. இந்தக் கணக்கில் நிர்பீக் ஜெயிக்கிறது, டைட்டானியம் துருப்பிடிக்காது. பிஸ்டலின் சந்துபொந்துகளில் ஈரம் புகுந்தால் கழற்றித்தான் துடைக்க வேண்டும்.

ஹோல்ஸ்டர் இல்லாமல் வெளியே எடுத்துப்போவதும் விதிப்படி தப்பு. கல்யாண ஊர்வலத்தில் வானத்தைப் பார்த்துச் சுட்டால் 2019 திருத்தத்துக்குப் பிறகு இரண்டு வருஷம் வரை உள்ளே போகலாம். தேர்தல் வந்தால் பெரும்பாலும் ஸ்டேஷனில் ஒப்படைத்து ரசீது வாங்கிக்கொள்ள வேண்டியதுதான்.

மாதம் ஒருமுறையாவது ரைஃபிள் கிளப் போய்ச் சுடுகிறவனுக்கு அஷானி. "போவியாடா?" என்றேன். "தீபாவளி சீசன்ல சோறு துன்னவே நேரம் இல்லண்ணே" என்றான். அப்போதே முடிவாகிவிட்டது, பிரபல் வாங்கினான்.

ஒரு வாரம் தோட்டா போடாமல் வீட்டுக்குள்ளேயே கட்டிக்கொண்டு திரியச் சொல்லியிருந்தேன். தரையில் உட்கார்ந்து சாப்பிடணும், குனிந்து துணி பண்டல் தூக்கணும். எங்கே குத்துகிறது, எங்கே துருத்துகிறது என்று அதில்தான் தெரியும். மூன்றாம் நாள் போன் செய்தான். சட்டைக்கு மேல் தெரிகிறதா என்றேன்.

"பொண்டாட்டி கண்டுக்கல. அம்மாதான் சோறு போடும்போது பாத்துட்டு, இன்னாடா இடுப்புல கட்டி, ஸ்டான்லி ஆஸ்பத்திரிக்குப் போய்க் காட்டுடான்னு ஒரே அழுவண்ணே."